வாசற்படிக்குப் பூ

பொழுது விடிந்து கதவைத் திறந்தால், முன்பின் தெரியாத பிள்ளைகள் உங்கள் வாசற்படியில் பூத் தூவி, "இந்த வீடு நல்லா இருக்கணும்"னு பாடினா எப்படி இருக்கும்?

உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் இது வருஷா வருஷம் நடக்கிறது. பண்டிகையின் பெயர் 'ஃபூல் தேயி'. அங்கே சித்திரை பிறக்கிற அன்று இதைக் கொண்டாடுவார்கள்; அன்றுதான் நமக்குப் பங்குனி பிறக்கும். மார்ச் மாத நடுவில் வரும். பனிக்காலம் முடிந்து மலையெல்லாம் பூக்கும் நேரம்!

பிள்ளைகள், அதிலும் பெண் குழந்தைகள், கூடை நிறையப் பூப் பறிப்பார்கள். மஞ்சள் நிறத்தில் 'ப்யோலி', ரத்தச் சிவப்பில் 'புராஞ்ச்' என்று எல்லாம் காட்டுப் பூக்கள். வீடு வீடாகப் போய், ஒரு வாசலையும் விடாமல் தூவி வாழ்த்துவார்கள். பதிலுக்கு வீட்டுக்காரர்கள் அவர்களுக்கு அரிசியும் வெல்லமும் கொஞ்சம் சில்லறையும் கொடுப்பார்கள். சேர்ந்த அரிசியில் பிறகு இனிப்புப் பலகாரம் செய்வதும் உண்டு.

இந்த விழாவில் கலந்துகொள்ளப் பெரிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை. அந்தச் சமயம் நைனிடால், அல்மோரா பக்கம் ஏதாவது கிராமத்தில் தங்க நேர்ந்தால், காலையிலேயே எழுந்து, கையில் அரிசியும் வெல்லமும் தயாராக வைத்திருங்கள். படம் எடுப்பதானால் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிள்ளைகளை மட்டும் வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள்!