அடுப்புக் காசில் எழுந்த பள்ளி

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1869-இல், தேசியக் கல்விச் சட்டம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 64 தொடக்கப் பள்ளிகள் தோன்றின. அந்தந்தத் தெருக்காரர்களே பணம் திரட்டினார்கள். வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அடுப்பு எரிகிறதா? அப்படியானால் பங்கு உண்டு! அந்த வசூலுக்குப் பெயரே அடுப்புக் காசு.

அப்படித் தொடங்கியவற்றில் ஒன்று மெய்ரின் பள்ளி. சுற்றிலும் கிமோனோ துணி வணிகர்கள். கையில் பணமும் கண்ணில் ரசனையும் உள்ளவர்கள். 1931-இல் கான்கிரீட்டில் புதுக் கட்டடம் எழுந்தது. மாடிக்குச் சாய்தளப் பாதை; உள்ளே 78 பாய்கள் விரித்த பெரிய கூடம். தொடக்கப் பள்ளிக்கு இது கொஞ்சம் ஆடம்பரம்தான்!

நகரின் நடுப்பகுதியில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, 1993-இல் பள்ளி மூடப்பட்டது. ஆனால் கட்டடத்தை இடிக்கவில்லை. 2000-இல் அதுவே கியோட்டோ கலை மையமாகத் திறக்கப்பட்டது. வகுப்பறைகள் ஓவியர்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் பயிற்சிக் கூடங்களாயின. பாய்க் கூடத்தில் மரபுக் கலை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. ஒரு வகுப்பறையில் காபிக் கடைகூட உண்டு. வாத்தியார் பார்த்துவிடுவாரோ என்று பயப்படாமல் உட்கார்ந்து குடிக்கலாம்.