பாறைக்குள் இருப்பது நீரா, எண்ணெயா?

யாழ்ப்பாணத்துக் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கற் படைகளினுள்ளே மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். மூவாயிரம் மீற்றர் ஆழத்துப் பாறைகளிலும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான். அடியிலே உப்புநீர், அதன்மேல் எண்ணெய், அதற்கும் மேல் எரிவாயு. ஆனால் அங்கே வாளியை இறக்கிப் பார்க்க இயலாது.

துளையிட்டு முடிந்ததும், உறைக்குழாய் இறக்கி மேலும் பணம் செலவிடுவதா, சீமெந்து இட்டு மூடிவிடுவதா என்று விரைவிலே தீர்மானித்தாக வேண்டும். ஆழ்கடலில் ஒரு கிணற்றுக்குப் பல கோடி டொலர் செலவாகும். நீரை எண்ணெய் என்று கொண்டால் பெருநட்டம். எண்ணெயை நீர் என்று கொண்டாலோ, இருந்த செல்வம் எவரும் அறியாமலே மண்ணுள் கிடந்துவிடும். இரண்டாவது தவறே கொடியது என்போம். அது கணக்கில் ஏறுவதேயில்லை.

1927 செப்ரெம்பரில், பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள பெஷெல்புறோனில், ஷ்லம்பெர்ஜே சகோதரர்களின் குழுவினர் கருவியைக் கம்பியிலே கட்டித் துளையினுள் இறக்கிப் பாறைகளின் மின்தடையை அளந்தனர். கிணற்று மின்பதிவின் தொடக்கம் அதுவே. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். எண்ணெயும் வாயுவும் கடத்தமாட்டா. தடை உயர்ந்த இடத்தில் எண்ணெய் இருக்கலாம் என்பதே அடிப்படை. 1942 இல் அமெரிக்கரான ஆர்ச்சி இதனை ஒரு சமன்பாடாக்கினார். இன்று கதிர்வீச்சு, அடர்த்தி, ஒலிவேகம் முதலியனவும் சுமார் 15 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை அளக்கப்படுகின்றன.

இவ்வளவு இருந்தும் பாறை ஏமாற்றும். களி கலந்த மணற்கல் எண்ணெயைத் தாங்கியிருந்தாலும் மின்சாரத்தைக் கடத்தி, நீர்போலத் தோன்றும். உப்புக் குறைந்த நீரோ எண்ணெய்போலத் தோன்றும். மெல்லிய படைகள் பல அடுக்கடுக்காக இருந்தால், கருவி அவற்றையெல்லாம் கலந்து ஒரே எண்ணாகக் காட்டிவிடும்.

இவ்விடத்தில்தான் சிற்றலைக் கணிதம் துணைக்கு வருகின்றது. ஒரு கச்சேரியில் எந்தச் சுரம் எவ்வளவு ஒலித்தது என்ற பட்டியலை மட்டும் தந்தால், தனியாவர்த்தனம் எப்போது வந்தது என்று கூற முடியுமா? பூரியேயின் பழைய முறை அத்தகைய பட்டியலைத் தருவது. சிற்றலை என்பது எழுந்து அடங்கும் ஒரு குறுகிய அலை. அதனை நீட்டியும் சுருக்கியும் பதிவுக்கோட்டின் மேலிருந்து கீழ்வரை நகர்த்தி, எங்கே எவ்வளவு பொருந்துகின்றது என்று பார்ப்பர். நீட்டிய அலை தடித்த படைகளைக் காட்டும், சுருங்கிய அலை மெல்லியவற்றைக் காட்டும். மாற்றம் எது என்பதோடு, அது எந்த ஆழத்தில் என்பதும் தெரியவரும்.

இம்முறையும் எண்ணெய்த் துறையிலேயே பிறந்தது. பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமொன்றில் பணியாற்றிய ஜான் மொர்லே, நில அதிர்வலைகளை ஆராயும்போது 1980களின் தொடக்கத்தில் இதனை வகுத்தார். மார்செய் நகரப் பௌதிகவியலாளர் அலெக்ஸ் குறொஸ்மன் அதற்குக் கணித உறுதி அளித்தார்; இருவரது கட்டுரை 1984 இல் வெளிவந்தது. அதனை மேலும் வளர்த்த ஈவ் மெயெர் 2017 இல் ஏபெல் பரிசு பெற்றார். பாறை ஒலிக்காகப் பிறந்த இக்கணிதத்தின் வழியே பின்னர் கைரேகைப் படங்களும் கணனியில் சுருக்கப்பட்டன.

ஈரானிலும் சீனாவிலும் ஆய்வாளர்கள் கிணற்றுப் பதிவுகளை இவ்வாறு அளவு அளவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அலைச்சக்தி எவ்வளவு என்று ஒப்பிட்டுள்ளனர். முன்னரே சோதித்து அறிந்த எண்ணெய்ப் படையும் நீர்ப்படையும் இச்சக்திப் பங்கீட்டில் வேறுபட்டு நின்றால், அந்த வேறுபாட்டைக் கொண்டு அறியாத படையை இனங்காண முயல்வர். வெறும் கண்ணுக்குப் புலப்படாத எல்லைகளும் இதிலே வெளிப்படுவதுண்டு. எனினும் ஒரு வயலிற் கற்ற பாடம் மற்றொரு வயலுக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதமில்லை. கருவியின் இரைச்சலையும் சிற்றலை மெல்லிய படையாகக் காட்டிவிடக்கூடும். நாம் இதனை ஒரு சாட்சியாகவே கொள்வோம், தீர்ப்பாக அன்று.

எமது மண்ணுக்கும் இது புறம்பான செய்தியன்று. 1970களில் மன்னார் பேசாலையில் சோவியத் உதவியுடன் துளையிட்டும் பயன் கிட்டவில்லை. 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் கெய்ர்ன் நிறுவனம் தோண்டிய கிணறுகளில் எரிவாயு காணப்பட்டது. அக்கிணறுகளின் பதிவுகளை வாசிக்க வல்லவர்கள் எம்மவரிடையே எத்தனை பேர் என்று, பல்கலைக்கழகத்தில் பாடம் தெரிவு செய்யவிருக்கும் பிள்ளைகளுள்ள வீடுகளில் ஒருமுறை பேசிப் பார்க்கலாம்.