பசித்தவனின் உரிமை

கோஸ்டா ரிக்காவில், பொந்து விழுந்த பெருமரங்களுக்குள் இரத்தம் குடிக்கும் வௌவால்கள் கூட்டமாகத் தொங்குகின்றன. ஒன்றின் எடை சுமார் 35 கிராம்தான் இருக்கும். இரத்தம் தவிர வேறு உணவு அவற்றுக்குக் கிடையாது. தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் இரை அகப்படாவிட்டால் உயிர் போய்விடும். ஆனால் வேட்டைக்குப் போகிற எல்லாமே வயிறு நிறைந்து திரும்புவதில்லை. வெறும் வயிற்றோடு வந்த வௌவால், நன்றாகக் குடித்துவிட்டு வந்த தோழியிடம் போய் அதன் வாயை நக்குகிறது. தோழி தான் குடித்ததில் ஒரு பங்கைக் கக்கி ஊட்டுகிறது.

உயிரியலாளர் ஜெரால்ட் வில்கின்சன் இதை 1984இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். தாய் தன் குட்டிக்கு ஊட்டினால் அது இரத்தபந்தம். இங்கே உறவில்லாததற்கும் பங்கு கிடைக்கிறது. முன்பு தனக்கு யார் ஊட்டியது என்பதே உறவைவிட முக்கியமாக இருக்கிறது என்று 2013இல் அவரும் ஜெரால்ட் கார்ட்டரும் கண்டார்கள். நாம் முகம் சுளிக்கிற இந்தச் சிற்றுயிரின் நெஞ்சிலும் இப்படி ஓர் ஈரத்தை வைத்த படைப்பாளனை என்னென்று போற்றுவது!

வௌவாலுக்குக் கடமை, உரிமை என்பதெல்லாம் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு உண்ணவும் அவனால் முடியும். உண்ட பிறகு உள்ளே ஏதோ உறுத்தவும் செய்யும். அந்த உறுத்தலைத்தான், மனிதர் இயற்றாமலே மனித இயல்பில் எழுதப்பட்டிருக்கும் இயற்கைச் சட்டத்தின் குரல் என்று நான் நம்புகிறேன்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அந்தக் குரலைக் கடைசி எல்லைவரை கேட்டார். பூமியின் பொருள்கள் மனிதரின் தேவைக்காகப் படைக்கப்பட்டவை. இது உனது, இது எனது என்று பிரித்தது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே, வேறு வழியே இல்லாமல் உயிர் போகும் நிலையில் ஒருவன் பிறர் உணவை எடுத்தால் அது திருட்டாகாது என்றார். ஒரு துறவி இதை எழுதினாரே என்று இன்றும் மெய்சிலிர்க்கிறது. தனிச்சொத்துக்காக அத்தனை வாதாடிய ஜான் லாக்கும், மிஞ்சியதை வைத்திருப்பவன் பொருளில் பட்டினி கிடப்பவனுக்கு உரிமை உண்டு என்றே 1689இல் வெளியான தம் நூலில் சொன்னார்.

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆம் பிரிவில் உணவும் ஓர் உரிமையாக இடம்பெற்றது. அதன் முகவுரை இந்த உரிமைகளைத் தான் வழங்குவதாகச் சொல்லவில்லை. மனிதரிடம் இயல்பாகவே உள்ள மாண்பையும், யாராலும் பறிக்க முடியாத உரிமைகளையும் ஏற்பதைப் பற்றியே பேசுகிறது.