மீகடத்திக் காந்தப் பாதுகாப்பு

மீகடத்திக் காந்தப் பாதுகாப்பு என்பது துகள் முடுக்கிகளில் பயன்படும் மீகடத்திக் காந்தங்கள் திடீரெனச் சூடேறிப் பழுதடையாமல் காக்கும் அமைப்பாகும். செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவிக்கு இவ்வமைப்பின் முக்கியமான பாகங்கள் இந்தியாவிலிருந்து சென்றன.

குவென்ச்

இம்மோதுவியில் துகள்களின் பாதையை வளைக்க 1232 இருமுனைக் காந்தங்கள் உள்ளன. அவற்றின் நையோபியம்-டைட்டானியம் சுருள்கள், 1.9 கெல்வின் வெப்பநிலையிலுள்ள திரவ ஈலியத்தில் அமிழ்ந்து, 11,000 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை மின்தடையின்றிக் கடத்துகின்றன. கம்பி இம்மியளவு நகர்ந்தாலும், சிதறிய துகள்கள் பட்டாலும், அவ்விடம் சூடேறி மீகடத்துத்தன்மையை இழக்கக்கூடும். தோன்றிய மின்தடையால் வெப்பம் மேலும் பெருகி அருகிலும் பரவும். இதுவே குவென்ச் எனப்படுகிறது. ஒரு காந்தத்தில் தேங்கியுள்ள சுமார் 7 மெகாஜூல் ஆற்றல் முழுவதும் ஒரு சிறு இடத்தில் வெப்பமாக மாறினால் கம்பி உருகிவிடும்.

பாதுகாக்கும் முறை

முரணாகத் தோன்றினாலும், காந்தத்தை வேண்டுமென்றே சூடாக்குவதே இதற்குத் தீர்வு. சுருள்களின் மின்னழுத்தங்களுக்கிடையே 0.1 வோல்ட்டுக்கு மேற்பட்ட வேறுபாடு 10 மில்லிசெக்கன் நீடித்தால், 900 வோல்ட்டுக்கு மின்னேற்றப்பட்ட மின்தேக்கிகள் சுருளையொட்டிய எஃகுப் பட்டைகளில் மின்சாரத்தைப் பாய்ச்சுகின்றன. பட்டைகள் சூடேற, சுருளின் பெரும்பகுதி மீகடத்துத்தன்மையை இழக்கிறது. ஆற்றலும் ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது. ஒரு பிரிவில் 154 காந்தங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், மற்றவற்றின் மின்னோட்டம் டயோடு வழியே பழுதான காந்தத்தைத் தவிர்த்துச் செல்லும். பின்னர் அது பெரிய மின்தடைகளில் வடிக்கப்படுகிறது.

இந்தியப் பங்களிப்பு

1996 இல் இந்திய அணுசக்தித் துறை செர்னுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பட்டைகளுக்கு மின்சாரம் தரும் வழங்கிகள் சுமார் 5,500 இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்டன. ஒவ்வோர் இருமுனைக் காந்தத்துக்கும் இத்தகைய வழங்கிகள் நான்கு தேவை. இந்தூரிலுள்ள இராஜா இராமண்ணா உயர் தொழில்நுட்ப மையமும் ஐதராபாத்தின் இந்திய மின்னணுவியல் கழகமும் இப்பணியில் ஈடுபட்டன.

2008 விபத்து

2008 செப்டம்பர் 19 அன்று நேர்ந்த பழுது, காந்தத்தில் அன்றி இரு காந்தங்களுக்கிடையேயான மின்னிணைப்பில் தோன்றியது. அங்கு வெப்பமூட்டும் பட்டைகள் இல்லை. கண்காணிப்பும் நுண்ணியதாக இல்லை. மின்வில் ஈலியக் கலனைத் துளைத்தது. சுமார் 6 டன் ஈலியம் வெளியேறியது. 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. மோதுவி 2009 நவம்பரில்தான் மீண்டும் இயங்கியது. அதற்குமுன், இணைப்புகளில் 0.3 மில்லிவோல்ட் மாற்றத்தையும் உணரும் புதிய கண்டறிகருவிகள் சேர்க்கப்பட்டன. 2013-14 இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் செப்புத் துண்டுகளால் வலுப்படுத்தப்பட்டன.