கன்று வந்தால்தான் பால் வருமா?

திருத்தணி மலையேறும் ஒவ்வொரு பால்காவடிக்குப் பின்னாலும் ஒரு கன்று இருக்கிறது. பொதுவாக, கன்று ஈனாத மாட்டின் மடியில் பால் ஊறாது. ஏன்?

பசு சினைப்பட்டுச் சுமார் 280 நாளில் ஈனும். நாள் குறிப்பது தாயல்ல, கன்று! வளர்ச்சி முற்றியதும் கன்றின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அதனால் சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரான் ஹார்மோன் தாயின் ரத்தத்தில் சரிகிறது. கருப்பை சுருங்கத் தொடங்குகிறது. பனிக்குடம் உடைந்ததும் முதலில் தெரிபவை இரண்டு முன்னங்குளம்புகள், அவற்றின்மேல் படிந்த ஈர மூக்கு. புரோஜெஸ்டிரானின் அதே சரிவுதான் மடிக்கும் உத்தரவு: பால் சுரக்கலாம்.

முதலில் வருவது மஞ்சளான, கெட்டியான சீம்பால். மாட்டின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. சீம்பாலில்தான் அவை கிடைக்க வேண்டும். கன்றின் குடல் அவற்றை அப்படியே உறிஞ்சுவது முதல் 24 மணி நேரம்வரைதான். அதுவும் மணிக்கு மணி குறையும். அதனால், ‘நஞ்சு விழட்டும், பிறகு ஊட்டலாம்’ என்று காத்திருக்கக் கூடாது.

மாதங்கள் போகப் போகப் பால் வற்றும். ஆகவே ஆண்டுக்கொரு கன்று வேண்டும். சினை ஊசி, தீவனம், பால் சங்கம், ஆவின் பாக்கெட் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.