'தேஹோ' என்றால் நெய்கிறேன்

நோன்புப் பெருநாள் விடுமுறையில், முசரவாக்கத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு மாணவர் வந்தார். சிறு வயதில் என்னிடம் ஓதியவர். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் ஒருவரின் மகன். சென்னையில் வேலைக்காக ஸ்பானிய மொழி பயில்கிறார்.

"ஹஜ்ரத், அத்தா கடன் வாங்கிக் கட்டிய பணம். பத்து நாளில் தேர்வு. வினைச்சொல்லிலேயே தடுக்கி விழுகிறேன். விட்டுவிடலாமா என்றிருக்கிறது" என்றார்.

எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆயினும் அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, 'இது நம்முடைய ஸர்ஃபுப் பாடமல்லவா!' என்று தோன்றியது. அவருடைய வீட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம் என்று, 'நெய்தல்' என்பதற்குரிய சொல்லை அகராதியில் தேடச் சொன்னேன். 'தெஹேர்' என்று கிடைத்தது. ('ஹ' என நான் எழுதுவது, அரபியில் 'கலீஃபா' தொடங்குகிறதே, அந்த எழுத்தின் ஓசை. சென்னை வகுப்பில் மற்றவர்களுக்கு வராத அந்த ஓசை இவருக்குத் தடையின்றி வந்ததாம்.)

ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்று மூன்று விதமாக முடிகின்றன. அந்த முடிவை நீக்கிவிட்டால் எஞ்சுவது பகுதி. 'தெஹ்' என்னும் பகுதியோடு விகுதி சேர்ந்தால் நிகழ்காலம் அமைந்துவிடும். தேஹோ, நெய்கிறேன், தேஹெஸ், நெய்கிறாய், தேஹெ, நெய்கிறான் அல்லது நெய்கிறாள், தெஹேமோஸ், நெய்கிறோம், தெஹேயிஸ், நெய்கிறீர்கள், தேஹென், நெய்கிறார்கள்.

'நான்' என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. 'நெய்கிறேன்' என்றாலே யாரென்று விளங்குவது போல, 'தேஹோ' என்றாலும் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் இது நடவாது. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியத்தைக் கற்றதுதான் நம் மாணவருக்கு வினையாயிற்று என்பது என் எண்ணம்.

அரபியிலோ ஆளைக் காட்டும் எழுத்து முன்னால் வருகிறது: அன்ஸுஜு, நெய்கிறேன், தன்ஸுஜு, நெய்கிறாய், யன்ஸுஜு, நெய்கிறான், நன்ஸுஜு, நெய்கிறோம். 'நஸர யன்ஸுரு' என்று நம் பிள்ளைகள் ராகமிட்டு ஓதுகிறார்களே, அதே வாய்பாடுதான். அங்கே பதினான்கு உருவங்கள். ஸ்பானியத்தில் ஆறே ஆறு. பதினான்கை மனனம் செய்தவருக்கு ஆறு பாரமா என்று கேட்டேன். சிரித்தார். ஆனால் எனக்குள் ஒரு கூச்சம். ஓதவைத்த நாளில், எதற்காக அதை ஓதுகிறோம் என்று நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

அவர் அடிக்கடி தவறியது 'தேஹென்' என்ற இடத்தில். அந்த முடிவு தமிழ்க் காதுக்கு 'ஏன்' விகுதி போல ஒலித்து, 'நான்' என்று எழுதத் தூண்டியிருக்கிறது. மரியாதைப் பேச்சும் குழப்பியது. 'தாங்கள்' என்பதற்கு ஈடான 'உஸ்தெத்' என்னும் சொல்லுக்கு முன்னிலை வினை வராது. 'உஸ்தெத் தேஹெ' என்று படர்க்கை வினையே வரும். 'தங்கள் மேன்மை' என்னும் பொருளுடைய பழந்தொடர் சுருங்கி உண்டான சொல் அது. 'தங்கள் சமூகம் அறியும்' என்று நம் முன்னோர் கடிதம் எழுதியதை நினைவூட்டினேன், உடனே பிடித்துக்கொண்டார்.

அந்த நாடும் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் 'அல்ஃபிய்யா'வை இயற்றிய இமாம் இப்னு மாலிக் பிறந்தது ஸ்பெயினிலுள்ள ஜய்யான் நகரில். 1274இல் திமிஷ்கில் மறைந்தார். வினைச்சொற்களின் அமைப்புக்கென்றே 'லாமிய்யத்துல் அஃப்ஆல்' என்றொரு பாட்டு நூலையும் செய்தவர் அவர். 711இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி 1492இல் கிரானடாவோடு முடிந்தது. அரபிச் சொற்கள் அங்கேயே தங்கிவிட்டன. பருத்திக்கு இன்றும் அவர்கள் சொல்வது 'அல்கொதோன்', நம் 'அல்குத்ன்' தான்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஆறு உருவங்களையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தோம். தேர்வு முடிந்து தொலைபேசியில் அழைத்தார்.

"நிகழ்காலம் முழுவதும் சரியாக எழுதிவிட்டேன் ஹஜ்ரத். ஆனால் ஒழுங்கில் அடங்காத வினைகள் நிறைய இருக்கின்றனவே?"

"அரபியில் முஃதல் இல்லையா, அதுபோலத்தான். அடுத்த விடுமுறைக்கு நோட்டோடு வாருங்கள்" என்றேன்.