அச்சாணியும் சான்றிதழும்

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின்போது கபாலீசுவரர் கோயில் தேர் மாட வீதிகளில் உலா வருவது கண்கொள்ளாக் காட்சியாகும். தேரின் உயரத்தையும் ஒப்பனையையும் கண்டு மக்கள் வியப்பர். வடம் பிடிப்போரின் ஊக்கத்தைக் கண்டு மகிழ்வர். ஆயின், தேர்ச் சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் அச்சாணியை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது பழமொழி. இது தேருக்கு மட்டுமன்று, அவ்வீதிகளில் நாள்தோறும் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கும் பொருந்தும்.

மோட்டார் வண்டி மனிதனுக்கு விரைவைத் தந்தது. அவ்விரைவோடு இடரையும் தந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். தியாகராய நகரின் நெருக்கமான தெரு ஒன்றில், பள்ளி விடும் நேரத்தில், ஒரு சிறுவன் திடீரெனக் குறுக்கே வருவதாகக் கொள்வோம். அவனுடைய உயிர் ஓட்டுநரின் திறமையில் மட்டும் இல்லை. பிரேக்கின் பற்றிலும், டயரின் பிடிப்பிலும், சக்கரத்தின் உறுதியிலும் இருக்கிறது. ஆதலால், வண்டி சாலையில் ஓடத் தக்கதா என ஆராய்ந்து பார்ப்பது அரசின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

பிரிட்டனில் இத்தகைய சோதனை 1960ஆம் ஆண்டு தொடங்கிற்று. பத்து ஆண்டு கடந்த கார்களின் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவையே முதலில் சோதிக்கப்பட்டன. பின்னர் அவ்வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1967இல் மூன்று ஆண்டாயிற்று. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பேருந்து, சரக்கு வண்டி, வாடகைக் கார் முதலியன குறித்த காலந்தோறும் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும். சொந்தக் காரின் பதிவோ 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை ஆய்வுக்கு உட்படுத்தி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தென் சென்னையில் மந்தைவெளி, திருவான்மியூர் முதலிய இடங்களில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன.

இச்சோதனையில் தேறிய வண்டியைக் குறையே இல்லாதது என்று நம்பிவிடலாமா? சென்னையிலேயே உருவான சிறிய கார் ஒன்றின் வரலாறு இதற்கு விடை கூறும்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் இருந்த தொழிற்சாலையிலிருந்து 1961இல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் கார் வெளிவந்தது. பிரிட்டனில் 1959இல் அறிமுகமான ‘டிரையம்ப் ஹெரால்டு’ காரே இதன் மூலம். இதன் எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் அளவுடையது. முன்புற மூடி முழுவதையும் முன்னோக்கிச் சாய்த்து எஞ்சினை எளிதில் பார்க்கலாம். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் இக்கார் திரும்பிவிடும். ஆகவே குறுகிய தெருக்களுக்கு மிகவும் ஏற்றதாயிற்று. இதன் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயினும், ஆர்வலர் சிலர் இன்றும் இதனைப் போற்றிக் காத்து வருகின்றனர்.

இத்துணைச் சிறப்புடைய காரிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடர் இருந்தது. அதன் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் நிமிர்ந்த எஃகுத் தண்டு ஒன்று தாங்கி நிற்கிறது. அத்தண்டின் அடிமுனையில் திருகுமரை வெட்டப்பட்டுள்ளது. அம்முனை ‘டிரன்னியன்’ எனப்படும் சிறு வெண்கலக் கட்டைக்குள் பொருந்தியிருக்கும். வண்டி திரும்பும்போதெல்லாம் தண்டு அக்கட்டைக்குள் சுழலும். ஆதலால் அதற்குள் கெட்டியான கியர் எண்ணெய் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். எண்ணெய்க்கு மாறாகக் கிரீஸை இட்டால் அது மரைகளின் உட்புறம் வரை செல்லாது. எண்ணெய் வற்றிய இடத்தில் நீர் புகும். நீர் புகுந்த இடத்தில் துரு ஏறும். தண்டு நாளடைவில் மெலிந்து, ஒருநாள் திடீரென ஒடியும். சக்கரம் மடிந்து சாயும். சில துளி எண்ணெய் தவறியதன் விளைவு இது!

இக்குறையை ஆய்வாளர் கண்டுபிடிப்பது எளிதன்று. அவர் சக்கரத்தை அசைத்துப் பார்த்துத் தளர்ச்சி உண்டா என அறியலாம். ஆனால் கட்டைக்குள் மறைந்திருக்கும் துருவைக் காண வேண்டுமாயின் உறுப்புகளைக் கழற்ற வேண்டும். சோதனையில் அவ்வாறு கழற்றிப் பார்ப்பதில்லை.

மறைந்திருக்கும் குறைகள் எல்லாச் சிறிய கார்களுக்கும் உண்டு. சாந்தோம், அடையாறு போன்ற பகுதிகளில் உப்புக் கலந்த கடற்காற்று வீசுவதால், வண்டியின் அடித்தகடுகள் வெளிப்பூச்சு பளபளக்கும்போதே உள்ளே அரிக்கப்படுவதுண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பிரேக் அடிக்கடி அழுத்தப்பட்டுச் சூடேறும்போது அவ்வீரம் ஆவியாகும். அப்பொழுது மிதிகட்டை கால் வைத்தவுடன் தாழ்ந்துபோகும், வண்டியோ நில்லாது. டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது என்பது விதி. அப்பள்ளங்களே மழைநீரை வெளியே தள்ளுகின்றன. அவை தேய்ந்த டயர் ஐப்பசி மழையில் சாலையைப் பற்றாமல் நீரின்மேல் வழுக்கும். சோதனையன்று தேறிய டயரும் சில திங்களில் அந்நிலையை அடையக்கூடும்.

இதனால் சோதனை பயனற்றது என்று எண்ணுதல் பிழையாகும். எரியாத விளக்கையும் தேய்ந்த டயரையும் பிடிப்பற்ற பிரேக்கையும் அது வெளிப்படுத்துகிறது. அசட்டையாக இருப்போரைப் பழுது பார்க்கத் தூண்டுகிறது. ஆனால் அது ஒரு நாளின் சாட்சியே. சோதனை நாளன்று வண்டி இருந்த நிலையைத்தான் சான்றிதழ் காட்டுகிறது. மறுநாள் நிகழ்வதற்கு அது பொறுப்பேற்பதில்லை.

எஞ்சிய நாள்களுக்குப் பொறுப்பாளர் வண்டியின் உரிமையாளரே. டயரின் காற்றையும் விளக்குகளையும் அடிக்கடி பார்த்தல், பிரேக் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதல், மழைநீரில் சென்று வந்தபின் அடிப்பாகத்தைக் கழுவி ஆராய்தல், புதிதாக ஓர் ஓசை எழுந்தால் அதன் காரணத்தை அறிதல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத கடமைகள். இவற்றைத் தவறவிட்டால் துன்பம் உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை; அத்தவற்றில் சிறிதும் பங்கில்லாத பாதசாரியையும் அது தாக்கும்.

தேரோட்டத்தன்று அச்சாணியை எவரும் போற்றுவதில்லை. அது தன் இடத்தில் உறுதியாக இருப்பதனால்தான் தேர் நலமாக நிலைக்குத் திரும்புகிறது. சான்றிதழை வண்டியின் பெட்டியில் வைத்திருப்பது சட்டத்துக்கு உடன்படுதல். அச்சாணியை அறிந்து பேணுவதே உயிருக்கு மதிப்பளித்தல்.